லாபத்தைக் கேள்வி கேட்கும் படிப்பு

கேள்வி: பி.காம். முடித்த என் மகள், வணிகத்துக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவைப் பற்றி முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள். வேலை கிடைக்குமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாகப் படிக்கட்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, ஆண்டுக்கு 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் ஈட்டும் நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதைத் திட்டமிட, களத்தில் கண்காணிக்க ஆட்கள் வேண்டும்.

ஆனால், இந்தப் படிப்பின் உயிர் அதில் இல்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது 2001-இல். பாதரசத்தால் பாதிக்கப்பட்டதாகப் போராடிய தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது 2016-இல். பதினைந்து ஆண்டுகள்! லாபம் எப்படி வந்தது என்று கேட்கச் சொல்லித்தராத பாடத்திட்டம் உங்கள் மகளுக்கு வேண்டாம். சேரும் முன் களப்பணி எத்தனை வாரம் என்று விசாரியுங்கள்.