கற்றுக்கொடுத்தால் வரி குறையுமா?

கேள்வி: அமெரிக்காவில் மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி தரும் டாக்டர்களுக்கு வரிச் சலுகை உண்டாமே, நிஜமா?
– வாசகர், மதுரை

பதில்: நிஜம்தான். ஆனால் எல்லா மாநிலங்களிலும் இல்லை. சலுகையும் மாநில வருமான வரியில்தான். வழிகாட்டியது ஜார்ஜியா. அங்கே 2014இல் வந்த சட்டம், சம்பளம் வாங்காமல் மாணவரைத் தன் கிளினிக்கில் வைத்துப் பழக்கும் மருத்துவருக்கு, வரி போடும் வருமானத்தில் ஒரு தொகையைக் கழித்தது. இதனால் கையில் மிஞ்சியது சொற்பம். 2019இல் சட்டத்தை மாற்றி, கட்டவேண்டிய வரியிலேயே கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். 160 மணி நேரம் ஒரு சுற்று. மருத்துவருக்கு முதல் மூன்று சுற்றுக்குத் தலா 500 டாலர், பிறகு பத்தாவது வரை தலா 1,000. நோயாளிகளைத் தாமே பார்த்துச் சிகிச்சை தரும் உயர்பயிற்சி நர்ஸ்களான நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கும் உண்டு, தொகை குறைவு. அது எனக்கு உறுத்துகிறது. சொல்லிக்கொடுக்கும் பாடு இருவருக்கும் ஒன்றுதானே!

கொலராடோ இதைக் கிராமப்புறத்தோடு கட்டிவிட்டது. கிராமப்புறத்தில் பயிற்சி தருபவருக்கு ஆண்டுக்கு 1,000 டாலர். கிராமத்தில் பழகிய மாணவர் பிற்பாடு அங்கேயே தொழில் செய்ய வருவார் என்ற எதிர்பார்ப்பு.

ஆனால் இந்தச் சலுகை போதுமா? மாணவர் பக்கத்தில் நின்றால் ஒவ்வொரு நோயாளிக்கும் கூடுதல் நேரம் பிடிக்கும். அன்றைக்குப் பார்க்கும் எண்ணிக்கை குறையும், வருமானமும் குறையும். 160 மணி நேரத்துக்கு 500 டாலர் என்றால் மணிக்கு 3 டாலர் சொச்சம். அந்த இழப்பை இது ஈடுகட்டாது. இருந்தாலும், இலவசமாக வாங்கிக்கொண்டிருந்த உழைப்பை அரசு மதிக்கத் தொடங்கியதை மனமார வரவேற்கிறேன்.