ஜீனோமில் நோயைத் தேடும் முறை

அன்புள்ள கயல்விழிக்கு,

மனித ஜீனோம் ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளமுடையது. நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த டிஎன்ஏவை, பரவலாகப் புழங்கும் கருவிகள் சுமார் 150 எழுத்துகள் கொண்ட துண்டுகளாகப் படிக்கின்றன. ஒவ்வொரு துண்டும் எங்கே பொருந்தும் என்பதை ஒரு மாதிரி ஜீனோமோடு ஒப்பிட்டுக் கணினி கண்டுபிடிக்கிறது. எழுத்து மாறியிருக்கும் இடங்களைக் குறித்துக்கொள்கிறது. இதெல்லாம் இன்று ஓரிரு நாள் வேலை.

தலைவலி அதற்குப் பிறகுதான். யாரை எடுத்தாலும் மாதிரியிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் மாறியிருப்பார். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றால் ஒரு கெடுதலும் இல்லை. ஒற்றை மரபணுவால் வரும் நோய் என்றால், தேட வேண்டியது ஒன்றோ இரண்டோ மாறுபாடுதான்.

அதைக் கழித்துக் கழித்தே எட்ட முடியும். அரிய நோயை உண்டாக்கும் மாறுபாடு ஏராளமானோரிடம் இருக்க வாய்ப்பில்லை. ஆகவே நோமாட் போன்ற பொதுத் தரவுத்தளங்களில் அடிக்கடி தென்படுபவை முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும். மிஞ்சியவற்றில் எது புரதத்தைக் கெடுக்கும், எந்த மரபணு நோயாளியின் அறிகுறிகளோடு ஒத்துப்போகும் என்று பார்க்கப்படுகிறது. பெற்றோரிடம் இல்லாத மாறுபாடு குழந்தையிடம் புதிதாகத் தோன்றியிருந்தால் சந்தேகம் வலுக்கும். மருத்துவர் எழுதித் தரும் அறிகுறிக் குறிப்பு அரைகுறையாக இருந்தால், எவ்வளவு நல்ல மென்பொருளும் திணறும். பலர் கவனிக்காத இடம் இது.

முதல் சல்லடையிலும் ஓர் ஓட்டை உண்டு. யாருடைய ஜீனோம்களை வைத்து அரிது என்கிறோம்? இதயத் தசை தடிக்கும் நோய்க்குக் காரணம் எனக் கருதப்பட்ட சில மாறுபாடுகள் கறுப்பின அமெரிக்கர்களிடம் சாதாரணமாகக் காணப்படுபவை, தீங்கற்றவை என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். அதற்குள் சிலருக்குத் தவறான முடிவு போய்ச் சேர்ந்திருந்தது. ஒப்பீட்டுத் தொகுப்பில் அந்த மக்கள் கொஞ்சம் பேர் இருந்திருந்தாலே பிழை பிடிபட்டிருக்கும். ஜீனோம் இந்தியா திட்டம் சுமார் 10,000 இந்தியர்களின் ஜீனோம்களைத் திரட்டி, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டதன் பயன் இங்கேதான் புரியும்.

செயற்கை நுண்ணறிவும் இப்போது துணைக்கு வந்திருக்கிறது. கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாமிஸ்சென்ஸ், புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றக்கூடிய 7.1 கோடி மாறுபாடுகளில் 89 சதவீதத்தை 2023இல் தீங்கானவை, தீங்கற்றவை என்று தரம் பிரித்தது. ஆனாலும் 2015இல் அமெரிக்க மருத்துவ மரபியலாளர்கள் வகுத்த விதிகளின்படி, கணினியின் கணிப்பு துணைச் சான்றுதான். அதை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. சரியான கண்டிப்பு. அதே விதிகள் மாறுபாடுகளை ஐந்து படிகளில் வைக்கின்றன: நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, பொருள் தெளியாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. நடுப்படியில் நிற்பதை நம்பிச் சிகிச்சையைத் தீர்மானிக்கக் கூடாது.

அந்த நடுப்படி நிரந்தரமல்ல. அதே மாறுபாடு வேறொரு நோயாளியிடம் தென்படலாம். ஆய்வகச் சோதனை வரலாம். படி ஏறவோ இறங்கவோ செய்யும். அதனால் விடை கிடைக்காத நோயாளியின் தரவைச் சில ஆண்டுகள் கழித்து மறுபடி அலசுகிறார்கள். புதிதாக ரத்தம் எடுக்காமலேயே ஒரு பகுதியினருக்கு நோயின் பெயர் தெரியவருகிறது.

அன்புடன்,
மாமா