மூவொரு கடவுள்: விவிலியம் காட்டும் விளக்கம்

"உங்களுக்கு மூன்று சாமியா?" என்று பிற மதத் தோழியர் கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூவரைச் சொல்லிச் சிலுவை அடையாளம் வரைகிறோம். ஒரே கடவுளை வணங்குகிறோம் என்றும் சொல்கிறோம். கேட்பவர்கள் மீது குற்றமில்லை. விடையறிந்து சொல்வது நம் கடமை.

தமதிரித்துவம் என்ற சொல்லே விவிலியத்தில் இல்லை! ஏறத்தாழ கி.பி. 200-இல், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தவரான தெர்த்துல்லியன் இதற்கு 'திரினித்தாஸ்' என்னும் இலத்தீன் சொல்லை வழங்கினார். தமிழிலும் சொல் தேட வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் பணிபுரிந்த காமநாயக்கன்பட்டி நமக்கு அருகில்தான் உள்ளது. அக்காலத்துக் கத்தோலிக்கர் பரிசுத்த ஆவியை 'இஸ்பிரீத்து சாந்து' என்றே அழைத்தனர். நம் பாட்டிமார் சிலர் வாயில் அச்சொல்லை நாமும் கேட்டிருக்கிறோம். சொற்கள் பிந்தியவை, அவை குறிக்கும் உண்மையோ விவிலியத்திலேயே உள்ளது.

மத்தேயு 3-ஆம் அதிகாரத்தைத் திறப்போம். யோர்தான் ஆற்றில் இயேசுநாதர் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறுகிறார். (வைப்பாற்றில் மணலையே பார்த்துப் பழகிய நாம் ஓடும் ஆற்றைக் கற்பனைதான் செய்துகொள்ள வேண்டும்.) ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார். இவர் தம் அன்பு மகன் என்று வானிலிருந்து தந்தையின் குரல் கேட்கிறது. மூவரும் ஒரே வேளையில் வெளிப்படுகிறார்கள்.

ஆகவே, நாம் அடிக்கடி சொல்லும் நீர், பனிக்கட்டி, நீராவி உவமை பொருந்தாது. ஒரே நீர் அல்லவா மாறி மாறி அப்படி ஆகிறது? அவ்வாறாயின் பிதாவே பிறகு சுதனாக வேடம் மாற்றினார் என்றாகும். மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் என்பவர் ஏறக்குறைய இப்படித்தான் போதித்தார், திருச்சபை ஏற்கவில்லை. நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாயை மூன்றாக உடைத்துக் காட்டினாலும் சரிவராது. பிதா கடவுளில் மூன்றில் ஒரு பங்கு அல்லர், முழுமையான கடவுள். சுதனும் பரிசுத்த ஆவியும் அவ்வாறே.

இனி மத்தேயு 28:19. எல்லா இனத்தாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கச் சீடரை அனுப்பும் ஆண்டவர், மூவரையும் தனித்தனியே சொல்கிறார். ஆனால் 'பெயர்களால்' என்று சொல்லவில்லை, 'பெயரால்' என்கிறார். மூலமான கிரேக்கத்திலும் அது ஒருமையே. இலக்கண வகுப்பில் ஒருமை பன்மை படிக்கும்போது அது இவ்வளவு பெரிய காரியத்துக்கு உதவும் என்று நாம் நினைத்திருப்போமா?

சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவிலும் மூவரும் ஒரே வாழ்த்தில் வருகிறார்கள். பூசையின் தொடக்கத்தில் குரு கூறும் வாழ்த்துகளுள் அதுவும் ஒன்று.

எல்லாவற்றிலும் நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது அருளப்பர் எழுதியதே. கடவுள் அன்பாயிருக்கிறார் என்கிறார் அவர் (1 அருளப்பர் 4:8). அன்பு செய்ய இன்னொருவர் வேண்டுமே! உலகமும் மனிதரும் இல்லாதபோது கடவுள் யாரை நேசித்தார்? பாடுபடுவதற்கு முந்திய இரவில் இயேசுநாதர் செபித்த செபத்தில் விடை இருக்கிறது: உலகம் உண்டாகுமுன்பே தந்தை தம்மை நேசித்தார் என்கிறார் (அருளப்பர் 17:24). தனிமை தாங்காமல் கடவுள் நம்மைப் படைக்கவில்லை. அவரிடம் ஏற்கெனவே இருந்த அன்பில் நமக்கும் இடம் கொடுத்திருக்கிறார்.