சின்னத் தப்பும் பெரிய பொய்யும்



"ஹாஸ்டல்ல ஒரு பைன் கட்டினேன். அதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்காத மாணவர்கள் நம்மில் குறைவு. லேட்டாக வந்ததற்கு ஒரு மெமோ. ரூமில் ஹீட்டர் வைத்ததற்கு ஒரு பைன். நண்பனின் ரெக்கார்டை அப்படியே பார்த்து எழுதியதற்கு ஒரு மன்னிப்புக் கடிதம். டி.சி. வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்பது நம் கணக்கு.

இந்தக் கணக்கு எப்போதும் சரியாக வருமா? படித்த காலத்தில் உன் மேல் கல்லூரி நடவடிக்கை எடுத்ததா என்று மாணவனிடமே நேருக்கு நேர் கேட்டுவிடுகிற ஓர் இடம் இருக்கிறது. அதுதான் அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்குப் போடும் அப்ளிகேஷன். அங்கே என்ன கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள், அதில் டிப்ளமோ படிக்கும் நமக்கு என்ன பாடம் இருக்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

அங்கே டாக்டராவது எப்படி?

நம் ஊரில் பிளஸ் டூ முடித்து, நீட் எழுதி, ரேங்க் வந்தால் எம்.பி.பி.எஸ். சீட். அமெரிக்காவில் பாதை வேறு. பள்ளிப் படிப்புக்குப் பிறகு பொதுவாக 4 வருடம் ஏதாவது ஒரு பட்டப்படிப்பு. எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு. அதற்கு மேல் 4 வருட மருத்துவப் படிப்பு. ஆக, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதே மாணவனுக்குப் பின்னால் சில வருடக் கல்லூரி வாழ்க்கை இருக்கிறது. அதன் பைலும் இருக்கிறது.

எம்.டி. பட்டம் தரும் பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பொதுவாக ஒரே அப்ளிகேஷன். அதற்கு ஆம்காஸ் என்று பெயர். 1876-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் இதை நடத்துகிறது. வெறும் மார்க்கை வைத்து மட்டும் அங்கே சீட் கொடுப்பதில்லை. மாணவன் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரை, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், ஆஸ்பத்திரியிலோ பொதுச் சேவையிலோ பெற்ற அனுபவம், நேர்முகத் தேர்வு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அந்த ஒரு கேள்வி

அந்த அப்ளிகேஷனில் ஒரு கேள்வி உண்டு. படிப்பில் பின்தங்கியதற்காகவோ நடத்தை விதியை மீறியதற்காகவோ எந்தக் கல்லூரியாவது உங்கள் மேல் எப்போதாவது நடவடிக்கை எடுத்திருக்கிறதா? இதற்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல வேண்டும்.

கேள்வியோடு சேர்ந்து வரும் விளக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. அந்த நடவடிக்கையால் படிப்பு ஒரு நாள்கூட நின்றிருக்காவிட்டாலும் "ஆம்" என்றுதான் சொல்ல வேண்டும். மார்க் ஷீட்டில் அது வராவிட்டாலும் "ஆம்"தான். கல்லூரியே பிறகு அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கியிருந்தாலும் "ஆம்"தான். "பைல்ல இருந்து எடுத்துட்டாங்க சார்" என்ற சமாதானம் அங்கே செல்லாது.

எது எது இதில் வரும்? ஹாஸ்டல் ரூமில் பீர் வைத்திருந்தது ஓர் உதாரணம். அமெரிக்காவில் மது வாங்குவதற்கான வயது 21. அந்த வயதை எட்டாத மாணவர்கள் பலர் ஹாஸ்டலில் இருப்பார்கள் என்பதால் இது அடிக்கடி வரும் விதிமீறல். ராத்திரியில் சத்தம் போட்டது, ரூமில் மெழுகுவத்தி கொளுத்தியது, வீட்டுப் பாடத்தில் காப்பி அடித்தது, மார்க் குறைந்து கல்லூரியின் கண்காணிப்பில் வைக்கப்பட்டது ஆகியவற்றுக்கும் கல்லூரி முறையான நடவடிக்கை எடுத்திருந்தால் எழுதித்தான் ஆக வேண்டும். லைப்ரரிப் புத்தகத்துக்குக் கட்டிய லேட் பைன் பொதுவாக ஒழுங்கு நடவடிக்கை ஆகாது. சந்தேகம் இருந்தால் ஊகிக்கக் கூடாது. படித்த கல்லூரியின் டீன் ஆபீசில், "என் மேல் பதிவு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 1974-ல் வந்த ஒரு மத்தியச் சட்டம் மாணவனுக்குத் தன் பைலைப் பார்க்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. கேட்ட 45 நாளுக்குள் கல்லூரி காட்டியாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அப்ளிகேஷன் போட்ட பிறகு புதிதாக ஏதாவது நடவடிக்கை வந்தால், 10 வேலை நாளுக்குள் தான் விண்ணப்பித்த கல்லூரிகளுக்கெல்லாம் தெரிவிக்க வேண்டும். "நான் கையெழுத்துப் போட்ட அன்னிக்கு இது இல்லையே" என்று தப்பிக்க முடியாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

டாக்டர் செய்யும் வேலையை நினைத்துப் பாருங்கள். ராத்திரி 2 மணிக்கு வார்டில் மருந்து அளவு தவறிப் போயிற்று. பார்த்தவர் யாரும் இல்லை. அப்போது கேஸ் ஷீட்டில் உண்மையை எழுதுகிறவர் வேண்டுமா, பேனாவால் திருத்திவிட்டுப் போகிறவர் வேண்டுமா? தப்பே செய்யாத டாக்டர் உலகத்தில் கிடையாது. தப்பைச் சொல்லுகிற டாக்டர்தான் நோயாளியைக் காப்பாற்ற முடியும்.

இதற்கு ஓர் ஆய்வும் இருக்கிறது. 2005-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. 3 மருத்துவக் கல்லூரிகளில் படித்து, பிற்காலத்தில் மாநில மருத்துவ வாரியங்களின் நடவடிக்கைக்கு ஆளான 235 டாக்டர்களை எடுத்துக்கொண்டார்கள். அப்படி எதற்கும் ஆளாகாத 469 டாக்டர்களோடு ஒப்பிட்டு, இருவரின் மாணவப் பருவப் பைல்களையும் படித்தார்கள். மருத்துவ மாணவராக இருந்தபோதே நடத்தை சரியில்லை என்று பதிவு இருப்பதற்கான வாய்ப்பு முதல் பிரிவினரிடம் சுமார் 3 மடங்கு அதிகமாக இருந்தது. அதிலும் மிக வலுவாகத் தெரிந்தது கடுமையான பொறுப்பின்மை. சொன்னாலும் திருத்திக்கொள்ளாத குணம் இன்னொன்று.

இந்த ஆய்வை அளவோடு புரிந்துகொள்ள வேண்டும். இது மருத்துவக் கல்லூரிக்கு உள்ளே நடந்ததைப் பற்றியது. 18 வயதில் ஹாஸ்டலில் சத்தம் போட்டவன் மோசமான டாக்டர் ஆவான் என்று இது சொல்லவில்லை. திரும்பத் திரும்பப் பொறுப்பில்லாமல் இருப்பதும், திருந்த மறுப்பதும்தான் ஆபத்து என்று சொல்கிறது. அட்மிஷன் கமிட்டியும் பொதுவாக இதைத்தான் தேடுகிறது.

கமிட்டி எப்படி எடை போடுகிறது?

முதலாவது, என்ன தப்பு என்பது. சத்தம், மெழுகுவத்தி, ஒரு பீர் பாட்டில் ஆகியவை இலேசானவை. பரீட்சையில் காப்பி, திருட்டு, அடிதடி ஆகியவை கனமானவை. காப்பி அடித்தது சின்ன வீட்டுப் பாடத்தில்தான் என்றாலும் அது நேர்மை சம்பந்தப்பட்டது என்பதால் கூர்ந்து பார்ப்பார்கள்.

இரண்டாவது, எத்தனை முறை என்பது. ஒரு தடவை நடந்தால் சம்பவம். மூன்று தடவை நடந்தால் பழக்கம்.

மூன்றாவது, எப்போது என்பது. முதல் வருடத்தில் நடந்து, பிறகு 3 வருடம் சுத்தமாக இருந்தால் அந்த 3 வருடமே சாட்சி. அப்ளிகேஷன் போடுவதற்குப் போன மாதம் நடந்திருந்தால் சாட்சி சொல்லக் காலம் போதாது.

நான்காவது, அதைப் பற்றி மாணவன் எப்படி எழுதுகிறான் என்பது. மற்ற மூன்றும் நடந்து முடிந்தவை, மாற்ற முடியாது. நான்காவது ஒன்றுதான் இன்றைக்கு அவன் கையில் இருக்கிறது.

"ஆம்" என்று சொன்னால் விளக்கம் எழுத 1325 எழுத்துகளுக்கு இடம் தருகிறார்கள். இடைவெளியும் அதில் சேர்த்தி. நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு பக்கத்துக்குள் முடித்துவிட வேண்டும். இரண்டு மாதிரிகளைப் பார்ப்போம். இரண்டும் விளக்கத்துக்காக எழுதிய கற்பனைதான்.

முதல் மாதிரி: "அந்த பீர் என் ரூம்மேட் வாங்கி வந்தது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் செய்வதுதான். வார்டனுக்கு என்னைப் பிடிக்காது. அதனால் என் பெயரையும் சேர்த்துவிட்டார்."

இரண்டாம் மாதிரி: "முதல் வருடம் அக்டோபரில் ஹாஸ்டல் ரூமில் பீர் வைத்திருந்தேன். அப்போது எனக்கு வயது 18. அது விதிமீறல் என்று தெரிந்தே செய்தேன். கல்லூரி எழுத்து மூலம் எச்சரித்து, ஒரு செமஸ்டர் கண்காணிப்பில் வைத்தது. போகச் சொன்ன வகுப்புக்குப் போய் முடித்தேன். அதன் பிறகு என் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. கடந்த 2 வருடமாக அதே ஹாஸ்டலில் ஜூனியர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறேன்."

வித்தியாசத்தைக் கவனியுங்கள். இரண்டாவதில் என்ன நடந்தது, கல்லூரி என்ன செய்தது, பிறகு நான் என்ன செய்தேன் என்ற மூன்றும் வரிசையாக இருக்கின்றன. அழுகை இல்லை. அடுத்தவன் மேல் பழி இல்லை. படிக்கிறவருக்கு மேற்கொண்டு கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

மறைத்தால் என்ன ஆகும்?

சில கல்லூரிகளில் மாணவனுக்காகக் கமிட்டியே பரிந்துரைக் கடிதம் எழுதும். சில மருத்துவக் கல்லூரிகள் சீட் கொடுத்த பிறகு, பழைய கல்லூரியின் டீனிடமிருந்து நடத்தைச் சான்று கேட்கும். அங்கே குட்டு வெளிப்பட்டால் விஷயம் பீர் பாட்டிலோடு நிற்காது. அப்ளிகேஷனில் உள்ளதெல்லாம் உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான் அல்லவா, அந்தக் கையெழுத்தே பொய் ஆகிவிடுகிறது. ஆம்காஸ் விசாரித்து, அந்த அறிக்கையைக் கல்லூரிகளுக்கு அனுப்பலாம். கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்கலாம். படிப்பு நடுவில் இருக்கும்போது தெரிந்தால் வெளியே அனுப்பவும் செய்யலாம். மன்னித்துவிட்டிருக்கக்கூடிய ஒரு தப்பு, மன்னிக்கக் கஷ்டமான பொய்யாக வளர்ந்துவிடுகிறது.

நம் லேப் வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்சர்வேஷன் நோட்டில் ஒரு ரீடிங் தப்பாகிவிட்டால் என்ன செய்யச் சொல்கிறார்கள்? குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, சாரிடம் இனிஷியல் வாங்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் மீதி ரீடிங்கை யாரும் சந்தேகிப்பதில்லை. ஒயிட்னர் பூசினால்? அந்த ஒரு எண்ணோடு போகாது. முழு டேபிளையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

நமக்கு இதில் என்ன?

"நாம் எங்கே, அமெரிக்க மெடிக்கல் காலேஜ் எங்கே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நம்மில் பலர் நாளைக்கு ரயில்வேக்கும் மத்திய அரசு நிறுவனங்களுக்கும் விண்ணப்பிக்கப் போகிறவர்கள். வேலை கிடைத்ததும் அட்டஸ்டேஷன் பாரம் என்று ஒன்று கையில் கொடுப்பார்கள். கைது, வழக்கு, தண்டனை பற்றிய கேள்விகளோடு, எந்தப் பரீட்சையிலிருந்தாவது தடை செய்யப்பட்டீர்களா, எந்தக் கல்வி நிறுவனமாவது உங்களை நீக்கியதா என்ற கேள்வியும் அதில் வரும். பொய்த் தகவல் கொடுப்பதும் மறைப்பதும் தகுதியிழப்புக்குக் காரணமாகும் என்ற எச்சரிக்கையும் அந்தப் பாரத்திலேயே அச்சாகியிருக்கும்.

இது பற்றி உச்ச நீதிமன்றம் 2016-ல் அவதார் சிங் வழக்கில் 3 நீதிபதிகள் கொண்ட அமர்வில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். உண்மையைச் சொன்னாலும் அதை எடை போடும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு. அதே சமயம் இள வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயத்தை மறைத்திருந்தால், அதைச் சொல்லியிருந்தாலும் வேலைக்குத் தகுதி கெட்டிருக்காது என்றால், வேலை கொடுப்பவர் தன் விருப்பப்படி அதை மன்னிக்கலாம் என்றும் தீர்ப்பு சொல்கிறது. பேரவை நண்பர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மன்னிக்கலாம் என்றுதான் இருக்கிறது. மன்னிக்க வேண்டும் என்று இல்லை. பாரத்தில் குறிப்பாகக் கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. லேட் பைனைக் கேட்காத பாரத்தில் லேட் பைனைப் பற்றி எழுத வேண்டியதில்லை. தடையைக் கேட்டால் தடையைச் சொல்லத்தான் வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. மெமோ வந்தால் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "சும்மா ஒரு லெட்டர் எழுதிக் குடு, விட்டுடறோம்" என்றால், செய்ததை மட்டும் எழுதுங்கள். செய்யாததை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்காதீர்கள்.

2. விசாரணைக்குக் கூப்பிட்டால் போங்கள். ஓடி ஒளிந்தால் உங்கள் தரப்பு பைலில் ஏறாது.

3. இறுதி உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எச்சரிக்கையா, பைனா, சஸ்பென்ஷனா, எந்தத் தேதி என்று அதில் இருக்க வேண்டும். ஒரு ஜெராக்ஸ் எடுத்து, டி.சி., மார்க் ஷீட் வைத்திருக்கும் பைலிலேயே வையுங்கள். 5 வருடம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதினால் தேதி தப்பும். தேதி தப்பினால் அதுவே பொய் மாதிரித் தெரியும்.

4. எந்தப் பாரமாக இருந்தாலும் கேள்வியை இரண்டு தடவை படியுங்கள். "நீக்கப்பட்டீர்களா?" என்பது வேறு, "ஏதாவது நடவடிக்கை உண்டா?" என்பது வேறு.

5. ஒரு தப்புக்குப் பிறகு வரும் செமஸ்டர்கள்தான் உங்கள் சாட்சி. அவற்றை வீணாக்காதீர்கள்.

நண்பர்களே, 18 வயதில் தப்பு செய்யாத மனிதர் யாரும் எந்தக் கமிட்டியிலும் உட்கார்ந்திருக்க மாட்டார். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பின்னால் இருப்பது, நாளைக்கு ஒரு நோயாளியையோ ஒரு பாய்லரையோ ஒரு ஹை வோல்டேஜ் லைனையோ உன்னை நம்பி விடலாமா என்ற கேள்விதான். நேராகப் பதில் சொல்லப் பழகுவோம். அந்தப் பழக்கத்தை ஆரம்பிக்க நம் லேப் நோட்டே போதும்.