வடிகட்டினால் வந்துவிடுமா டி செல்?

நம்பிக்கை: ரத்தத்தை எடுத்து மெஷினில் சுற்றவிட்டால் போதும், தூண்டப்பட்ட டி செல்கள், அதாவது சண்டைக்கு விழித்தெழுந்த நோயெதிர்ப்பு வெள்ளை அணுக்கள், தனியே வந்து நிற்கும்.

உண்மை: சுற்றவிட்டால் கிடைப்பது ஒரு கதம்பம்தான். குழாயின் அடியில் ஃபிகால் என்ற திரவம் இருக்கும். அதன் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.077 கிராம். உப்புநீர் சேர்த்து நீர்க்கவைத்த ரத்தத்தை, குழாயைச் சாய்த்துப் பிடித்து, சுவரோரமாக அதன்மேல் வழியவிட வேண்டும். கை நடுங்கினால் இரண்டும் கலந்துவிடும். பிறகு சென்ட்ரிபியூஜில் அரை மணி நேரம், பிரேக் போடாமல். சட்டென்று நின்றால் அடுக்குகள் கலங்கிப்போகும் என்பதால், அது தானாகச் சுழன்று ஓயும்வரை காத்திருக்க வேண்டும். வெளியே எடுத்தால் அடியில் சிவப்பணுக்கள், மேலே மஞ்சள் பிளாஸ்மா, நடுவில் பாலாடைபோல மெல்லிய வெள்ளை வளையம். பிப்பெட்டால் உறிஞ்ச வேண்டியது அந்த வளையத்தை மட்டுமே. நார்வேயின் ஆர்னே போயும் 1968இல் எழுதிவைத்த முறை இது. இன்றும் இதுதான் நடக்கிறது.

அந்த வளையத்தில் டி செல்களோடு பி செல், என்.கே. செல், மோனோசைட் எல்லாம் இருக்கும். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமென்றால் அந்த டி செல்களிலும் பெரும்பாலானவை தூங்கிக்கொண்டிருப்பவை. விழித்தவை வேண்டுமென்றால் வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நம்பிக்கை: பிரித்தெடுப்பது பொறுக்கி எடுப்பது மட்டுமே. அதனால் செல் மாறாது.

உண்மை: இதைப் பொய்யாக்கியது ராஜ்மா. 1960இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் நோவெல் வெள்ளை அணுக்களை வளர்த்துக்கொண்டிருந்தார். சிவப்பணுக்களைத் திரளவைத்து ஒதுக்குவதற்காக அப்போது சேர்த்தது, ராஜ்மாப் பயறிலிருந்து எடுத்த பி.எச்.ஏ. என்ற புரதம். (ராஜ்மாவை நன்றாகக் கொதிக்கவிடாமல் தின்றால் வயிற்றைப் புரட்டுவதும் இதே புரதம்தான்.) அந்தக் காலத்தில் லிம்போசைட் (டி செல்லும் இந்த வகைதான்) என்றால் ஆட்டம் முடிந்த செல், இனிப் பெருகாது என்றே நினைத்தார்கள். அவர் குடுவையிலோ அவை பெருகிக்கொண்டிருந்தன. காரணத்தைத் தேடிப் போனால் குப்பையை ஒதுக்கப் போட்ட பயறுப் புரதமே செல்லை எழுப்பிவிட்டிருந்தது! நோயெதிர்ப்பியலில் இதைவிட அழகான தற்செயல் எனக்குத் தெரியாது.

இன்றைக்கும் அதே பொறி காத்துக் கிடக்கிறது. டி செல்லின் மேலுள்ள சிடி3, வாசலில் இருக்கும் அழைப்பு மணி மாதிரி. அதைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியைப் போட்டுச் செல்லைப் பிடித்தால், பிடித்த பிடியிலேயே மணி அடித்துவிடலாம். இரண்டு நாள் கழித்து “தூண்டப்பட்ட செல்கள் நிறைய இருக்கின்றன” என்று துள்ளும் மாணவர், பெரும்பாலும் தன் கைவேலையைத்தான் அளந்திருப்பார். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அரிசியில் கல் பொறுக்குவதுபோலச் செய்வார்கள். மற்ற செல்களின்மேல் காந்தத் துகள்களை ஒட்டவைத்துக் காந்தத்தில் நிறுத்திவிட்டு, யாரும் தொடாத டி செல்லைக் கடந்துவர விடுவார்கள்.

நம்பிக்கை: டி செல்லின் மேல் சிடி25 என்ற குறி இருந்தால் அது தூண்டப்பட்ட செல்.

உண்மை: பாதி சரி. தூண்டிய சில மணி நேரத்தில் சிடி69 தலைகாட்டும், ஏறக்குறைய ஒரு நாளில் சிடி25, அதற்கும் பிறகே எச்.எல்.ஏ.-டி.ஆர். எப்போது பார்த்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். இன்னொரு சிக்கலும் உண்டு. உடல் தன்னைத் தானே தாக்காமல் அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள், யாரும் தூண்டாமலே சிடி25ஐ அணிந்து திரிபவை. 1995இல் ஷிமோன் சகாகுச்சி அவற்றை அடையாளம் கண்டது இந்தக் குறியை வைத்துத்தான். 2025 மருத்துவ நோபலில் அவருக்கும் பங்கு கிடைத்தது. சிடி25 ஒன்றை மட்டும் நம்பிப் பிரித்தால், சண்டைக்காரரும் சமாதானம் பேசுபவரும் ஒரே குழாயில் வந்து விழுவார்கள்.

நம்பிக்கை: ரத்தம் வந்ததும் ஃபிரிட்ஜில் வை.

உண்மை: இந்த வேலைக்கு வேண்டாம். அறை வெப்பத்தில் வைத்து அன்றைக்கே பிரிப்பது நல்லது. ஒரு ராத்திரி தாண்டினால் கிரானுலோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள் வளையத்துக்குள் ஏறிவந்துவிடும்.

நம்பிக்கை: கார்-டி என்ற புற்றுநோய்ச் சிகிச்சையில், புற்றை எதிர்த்து ஏற்கெனவே போராடும் டி செல்களைத் தேடி எடுத்துப் பெருக்குகிறார்கள்.

உண்மை: இல்லை. நோயாளியின் சாதாரண டி செல்களை எடுத்து, வெளியே வைத்து சிடி3, சிடி28 இரண்டையும் அழுத்தி எழுப்பி, புற்றை அடையாளம் காட்டும் மரபணுவை நுழைத்து, எண்ணிக்கையைப் பெருக்கித் திருப்பிச் செலுத்துகிறார்கள். ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் உருவாக்கி, 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

அடுத்த முறை “ரத்தத்திலிருந்து தூண்டப்பட்ட டி செல்கள் பிரித்தெடுக்கப்பட்டன” என்று எங்காவது படித்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தக் குறியை வைத்து? தூண்டியது நோயா, ஆய்வகமா?