கற்பவளங்களில் தாங்குந்திறமுள்ள இனங்களைத் தெரிந்தெடுத்தல்

உவர் ஏறிய நிலத்துக்குக் களர்ப்பாலை, நீர் தேங்கும் பள்ளத்துக்கு நெடுந்தாள் நெல் என்று, நிலத்தின் குணத்தை முதலிற் பார்த்துப் பின்னரே விதையைத் தெரிந்தெடுப்பது காவிரி டெல்டா விவசாயிகளின் நெடுநாள் வழக்கம். கடலடியில் வளரும் கற்பவளத்துக்கும் இம்முறையே பொருந்தும். கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி மீனும் பவளமும் வளர்க்கும் வழக்கம் மேனாடுகளிற் பரவி, இங்கும் சிலருக்கு அவ்வாசை உண்டாகியிருக்கிறபடியால், எவ்வினம் தாங்கும், எவ்வினம் மடியும் என்பதையும், இத்தேசத்தில் அதற்குள்ள சட்டவரம்பையும் நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

ஈண்டுச் சொல்லப்படுவது ஆபரணத்துக்குரிய செம்பவளமன்று. கற்பவளமென்பது நுண்ணிய பிராணிகள் பல ஒன்றுகூடித் தம்மடியிற் சுண்ணாம்பைப் படியவைத்துக் கட்டும் குடியிருப்பாகும். அப்பிராணிகளின் உடலுக்குள் ஒருவகை நுண்பாசி தங்கி, வெயிலைக்கொண்டு உணவு சமைத்து, அதிற் பெரும்பகுதியைப் பிராணிக்குக் கொடுக்கிறது. நீர் மிதமிஞ்சிச் சூடேறினால் பாசி வெளியேறிவிடும். அப்பொழுது பவளம் நிறமிழந்து வெளுக்கும். சில வாரங்களுக்குள் சூடு தணிந்தால் பிழைக்கும், இன்றேல் மடியும்.

இனங்களின் தாங்குந்திறத்தை அறிவதற்கு மன்னார் வளைகுடாவே தக்க பரிசோதனை நிலம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப்பார்கள் உள்ளன. சித்திரை, வைகாசி மாதங்களில் அங்கு கடல்நீரின் உஷ்ணம் 30 டிகிரி சென்டிகிரேடைக் கடக்கும்பொழுது வெளுப்பு காண்கிறது. 2010ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் அது கடுமையாயிருந்தது. 2019ஆம் ஆண்டில் மண்டபத்தையடுத்த கடலில் நுண்ணுயிர் பெருகி நீர் பச்சையாகிப் பிராணவாயு குறைந்தமையால் மீன்களும் பவளங்களும் மடிந்தன. இக்கேடுகளிற் பெரிதும் அழிந்தவை அக்ரோபோரா, மாண்டிபோரா, போசில்லோபோரா என்னும் விரைந்து வளரும் இனங்கள். பாறைக்கட்டிபோல் திரண்டு வளரும் போரைட்டீசும், மூளையின் மடிப்பை ஒத்த பேவியா, பேவைட்டீஸ் வகைகளும் வெளுத்தபோதிலும் அவற்றினும் மிகுதியாகத் தேறின.

காரணம் எளிது. மான்கொம்பு போன்ற அக்ரோபோராவின் தசை மிக மெல்லியது; சேமிப்பும் சொற்பம். அது ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேலும் நீளக்கூடும். போரைட்டீஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டரே பருக்கும்; ஆனால் தசை தடித்தது. அகத்திக்கும் பனைக்கும் உள்ள வேற்றுமை இதுவே. கிண்ணம்போல் விரியும் டர்பினேரியா, தன்மேல் விழும் வண்டலைக் கோழையால் திரட்டித் தள்ளிவிடும் ஆதலால், கலங்கல் நீரிலும் நிலைக்கும். தஞ்சைக் கரையில், அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் முதலிய இடங்களில் அடி சேறாயிருப்பதால் பவளம் வேர்கொள்ளாது, கடற்புல்லே செழிக்கும். அப்புல்லை மேயும் ஆவுளியாவின் பொருட்டு 2022ஆம் ஆண்டில் அக்கடற்பரப்பு காப்பகமாக அறிவிக்கப்பட்டதும் அதனாலேயே.

தொட்டியில் வளர்ப்பதற்குச் சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில், புதிதாய்த் தொடங்குவோர் டர்பினேரியா, பேவியா, தடித்த குழாய்களாக வளரும் காலஸ்ட்ரியா ஆகியவற்றைக் கொள்ளுவதே உசிதம். அக்ரோபோராவின் நிறத்தில் மயங்குவது கைப்பொருளை இழக்கும் வழி. அசையும் மலர்க்கொத்துப் போன்ற கோனியோபோரா கண்ணுக்கு இனிதாயினும் சில மாதங்களில் மெலிந்து மடிவது சாதாரணம். கேலக்ஸியா இரவில் நீண்ட கொடுக்குகளை வீசி அண்டை இனத்தைச் சுட்டுவிடும். அதனை ஒரு சாணேனும் விலக்கி வைத்தல் வேண்டும். கடலிலிருந்து பெயர்த்ததைக்காட்டிலும், தொட்டியிலேயே வளர்ந்த தாய்ப்பவளத்தினின்று கரும்புக் கரணைபோல் வெட்டியெடுத்த துண்டே நன்கு பிடிக்கும். வாங்கும்பொழுது நிறத்தைப் பாராமல் ஓரத்தைப் பார்க்கவேண்டும்: தசை விலகி வெள்ளெலும்பு தெரிந்தால் அத்துண்டு வேண்டா.

நீரின் அடர்த்தி 1.025, உஷ்ணம் 24 முதல் 27 டிகிரி, லிட்டருக்குச் சுண்ணச்சத்து 400 முதல் 450 மில்லிகிராம் என்ற அளவுகள் நாள்தோறும் மாறாதிருத்தல் வேண்டும். கிணற்று நீர் உதவாது. எருவின் உப்பும் மணிச்சத்தும் கலந்திருப்பின் பாசி மூடிவிடும். கோடையில் தஞ்சை வீடுகளின் உள்ளறையே 35 டிகிரியைத் தாண்டும். நீரைக் குளிர்விக்கும் இயந்திரம் இரவும் பகலும் ஓடவேண்டும். ஒருநாள் மின்சாரம் நின்றால், மன்னார் வளைகுடாவிற் பல வாரங்களில் நேரும் அழிவு தொட்டியில் ஒரே நாளில் நேரும். தாங்கும் இனமென்பது இத்தவறுகளைச் சற்றுப் பொறுக்கும் இனமேயன்றி, கேடே அணுகாத இனமன்று.

இனிச் சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டில் கற்பவளங்கள் யாவும் சேர்க்கப்பட்டன. அனுமதியின்றி எடுப்பதும், விற்பதும், வாங்குவதும் குற்றம். சிறைவாசம் மூன்று ஆண்டுக்குக் குறையாது, ஏழாண்டு வரை நீளும். இக்கண்டிப்பு காரணமின்றி எழுந்ததன்று. சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டுகள் வெட்டியெடுத்ததன் விளைவாக விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. ஆகவே இத்தேசத்திற் பவளக் கரணை நடும் இடம் கடலேயாகும். தூத்துக்குடிச் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002ஆம் ஆண்டு முதல் சிமெண்டுச் சட்டங்களில் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் நட்டு வருகின்றனர். அவ்விதம் நடுகையில் கிளைப்பவளம் விரைவில் மீன்களுக்கு நிழல் தரும். எனினும் ஒரு கோடையில் யாவும் வெளுக்காதிருக்க, இடையிடையே கட்டிப்பவளமும் இருத்தல் நலம்.

கரையில் ஒதுங்கிய செத்த பவளமும் சட்டத்துக்கு உட்பட்டதே. சந்தையிலோ கோயில் திருவிழாக் கடைகளிலோ அத்தகைய கற்கள் அலங்காரப் பொருளாக விற்கப்படக் கண்டால், கிராம நிர்வாக அலுவலர் வனத்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். மீன்தொட்டியின் அடியிற் பரப்ப வெண்கல் வேண்டுவோர் சுண்ணாம்புக்கல் ஜல்லியை நன்கு கழுவிப் பயன்படுத்தலாம்.