கோடைப் பூக்களும் கேள்விப்பட்ட கதைகளும்

பங்குனி பிறந்ததும் வாசலோரத்து நாலடி மண்ணில் இரண்டு பூச்செடி வைக்கலாம் என்ற ஆசை பலருக்கும் வரும். நர்சரிக்குப் போய், கண்ணுக்குப் பிடித்ததை வாங்கி வந்து நடுவார்கள். கத்திரி வெயில் முடிவதற்குள் பாத்தியில் காய்ந்த குச்சிகள் நிற்கும். "நம்ம கைக்குச் செடி வராது" என்று முடிவுகட்டி, அடுத்த ஆண்டு அந்த இடத்துக்குச் சிமெண்ட் பூசிவிடுவார்கள். அப்படி மூடப்பட்ட பாத்திகளை எங்கள் தெருவிலேயே காட்ட முடியும். செடி காய்ந்ததற்குக் கைராசி காரணமில்லை. வழிவழியாகக் கேட்டு நம்பிவிட்ட சில தவறான செய்திகளே காரணம். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: கோடையில் எதுவும் பூக்காது

தமிழ்நாட்டில் குண்டுமல்லி கொட்டிப் பூப்பதே மார்ச் முதல் ஜூலை வரைதான். மதுரைப் பூச்சந்தையைக் கவனித்தால் இது விளங்கும். மார்கழி, தைப் பனியில் வரத்து குறைந்து கிலோ ஆயிரங்களில் விற்கும் மல்லி, சித்திரையில் மலிந்து கிடக்கும். மல்லிகைக்கு வெயில்தான் தீனி. நிழலில் வைத்தால் இலையாக வளருமே தவிர, மொட்டு வராது.

மல்லிகை மட்டுமல்ல, ஜினியா, வாடாமல்லி, கோழிக்கொண்டை, பத்துமணிப்பூ, நித்தியகல்யாணி, செம்பருத்தி, இட்லிப்பூ, காகிதப்பூ எல்லாமே வெயிலைத் தாங்கிப் பூப்பவை. இவற்றில் எதை எப்போது நடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஜினியா, வாடாமல்லி விதைகளை மாசியில் தூவினால் சித்திரையில் பூ பார்க்கலாம். மல்லிப் பதியனைக் கோடையில் நடக்கூடாது. ஆடிக்குப் பிறகு மழை ஈரத்தில் நட்டு வேரூன்ற விட வேண்டும். நவம்பர் கடைசியில், வளர்ந்த செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்தால், கோடைக்குப் புதுக்கிளைகளும் அவற்றில் மொட்டுகளும் வரும்.

நம்பிக்கை 2: நர்சரியில் பூத்துக் குலுங்கும் செடி வீட்டிலும் பூக்கும்

பெட்டூனியா, பான்சி, டேலியா ஆகியவை குளிர்காலச் செடிகள். மார்கழியில் நட்டால் மனம் குளிரப் பூக்கும். பங்குனியில் நர்சரியில் மிச்சமிருப்பவற்றை நிழல்வலைக்கு அடியிலிருந்து கொண்டுவந்து வெயிலில் வைத்தால் சில நாட்களில் துவண்டுவிடும்.

சாமந்தியின் கதை வேறு. அதற்கு இரவு நீள வேண்டும்; அப்போதுதான் மொட்டு கட்டும். பகல், இரவின் நீளத்தை வைத்துச் செடிகள் பூக்கும் காலத்தை அறிகின்றன என்பதை அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள் கார்னரும் அலார்டும் 1920-இல் வெளியிட்டார்கள். கோடையில் சாமந்திச் செடி தழைப்பதும், பூவுக்கு நாம் குளிர்காலம்வரை காத்திருப்பதும் இதனால்தான். எனவே நர்சரியில் "இது பூக்குமா?" என்று கேட்காதீர்கள். "எந்த மாதத்தில் பூக்கும்?" என்று கேளுங்கள்.

நம்பிக்கை 3: வீட்டுக்கு வடபக்கம் எப்போதும் நிழல்

குளிர்காலத்துக்கு இது சரி. கோடைக்குத் தவறு. பங்குனி முதல் வாரத்துக்குப் பிறகு சூரியன் நேர்கிழக்கை விட்டு வடக்கே தள்ளி உதிக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருநாள் நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. அன்றிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். தென்மாவட்டங்களில் இந்த நாள் இன்னும் முன்னதாகவே, ஏப்ரல் நடுவிலேயே வந்துவிடும்.

ஆகவே மார்கழியில் நிழலாகத் தெரிந்த வடபுறப் பாத்தியில் வைகாசியில் வெயில் விழும். மார்கழியில் நாள்முழுக்க வெயில் பட்ட தென்புறச் சுவரோரத்துக்கு அது குறையும். செடி வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை, மணிக்கொரு தடவை பாத்தியை எட்டிப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் நேர்வெயில் என்றால் மல்லி, ஜினியா, பத்துமணிப்பூ. மூன்று, நான்கு மணி நேரம்தான் என்றால் கனகாம்பரம், நந்தியாவட்டை. இந்த ஒரு நாள் வேலை பல நூறு ரூபாயை மிச்சப்படுத்தும்.

நம்பிக்கை 4: உச்சிவெயிலில் இலையில் நீர்த்துளி பட்டால் பூதக்கண்ணாடிபோல் கருக்கிவிடும்

இதை ஹங்கேரி இயற்பியலாளர் காபோர் ஹோர்வாத்தின் குழு சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டது. மழமழப்பான இலைமேல் வைத்த கண்ணாடிக் குண்டுகள் இலையைச் சுட்டன; நீர்த்துளிகள் சுடவில்லை. துளி இலையோடு ஒட்டிக் கிடப்பதால் ஒளி குவியும் புள்ளி இலைமேல் விழுவதில்லை. இலையில் மெழுகுபோன்ற மயிர்கள் இருந்து துளியை உயர்த்திப் பிடித்தால் மட்டுமே கருகல் நேரலாம்.

அப்படியானால் மதியம் ஊற்றலாமா? வேண்டாம். நீரில் ஒரு பகுதி வீணாக ஆவியாகிவிடும். வெயிலில் கிடந்த குழாயிலிருந்து முதலில் கொட்டும் கொதிநீர் வேரைச் சுட்டுவிடும். பல நேரங்களில் இலை நுனி கருகுவதற்கு, உப்பு அதிகமுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர்தான் காரணம். விடிகாலையில், இலையை விட்டுவிட்டு வேரடியில் ஊற்றுங்கள். மதியம் இலை தொங்கினால் பதறவேண்டாம். மாலையில் தானாக நிமிரும். மறுநாள் காலையிலும் தொங்கியே இருந்தால்தான் தாகம் என்று பொருள்.

நம்பிக்கை 5: நீரும் உரமும் கூடினால் பூவும் கூடும்

காகிதப்பூ இதற்கு நேர் எதிர். நாள்தோறும் ஊற்றினால் கொடி நீண்டு, இலை மண்டும். மண் காய்ந்தபின் ஊற்றினால்தான் நிறம் காட்டும். நாம் பூ என்று சொல்லும் அந்த வண்ணத்தாள்களும் பூவிதழ்கள் அல்ல. நடுவே குழல்போல் வெள்ளையாக இருப்பதுதான் உண்மையான பூ. யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் எந்தச் செடியும் பூவை மறந்து இலையைத்தான் வளர்க்கும். வீட்டுப் பாத்திக்கு மட்கிய சாணமும், மண்ணைப் போர்த்த இரண்டு அங்குலச் சருகு மூடாக்கும் போதும்.

நம்பிக்கை 6: மல்லிகை வாசனைக்குப் பாம்பு வரும்

இந்தப் பயத்தால் மல்லிக் கொடியை வேரோடு பிடுங்கிய வீடுகள் உண்டு. பாம்பு பூவைத் தின்பதில்லை, தேனையும் குடிப்பதில்லை. நாக்கை நீட்டி நீட்டி அது காற்றில் தேடுவது எலி, தவளை, ஓணான் இவற்றின் வாடையைத்தான். தரையோடு அடர்ந்த புதரின் குளிர்ச்சியும், அங்கே ஒளியும் இரையும்தான் அதை இழுக்கின்றன. அது மல்லிப் புதராக இருந்தாலும் செங்கல் குவியலாக இருந்தாலும் ஒன்றே. மல்லியின் அடிக்கிளைகளை ஓரடி உயரம்வரை கழித்து, தரை தெரியும்படி வையுங்கள். இருட்டில் பூப்பறிக்க டார்ச்சோடு போங்கள்.

அச்சப்பட வேண்டிய செடி ஒன்று உண்டு: அரளி. சாமிக்குச் சூட்டுவதால் அது தீங்கற்றது என்று நினைக்கிறோம். இலை, பூ, காய், பால் எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. தவழும் குழந்தையும் ஆடுமாடும் உள்ள வீட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

நம்பிக்கை 7: சின்ன இடம், நெருக்கி நட்டால்தான் நிறையப் பூ

ஒரு குண்டுமல்லிக்கே நாலடி இடைவெளி வேண்டும். நெருக்கினால் காற்றும் வெளிச்சமும் போகாமல் பூச்சி சேரும். எட்டடி நீளம், நாலடி அகலமுள்ள வெயில் பாத்திக்கு என் யோசனை இது: பின்வரிசையில் ஒரு குண்டுமல்லியும் ஒரு செம்பருத்தியும், நடுவில் ஜினியாவும் வாடாமல்லியும், விளிம்பில் பத்துமணிப்பூ. ஐந்தே வகை. காலையில் செம்பருத்தி, பத்து மணிக்கு விளிம்பு முழுக்க வண்ணம், அந்தியில் மல்லி வாசம் என்று நாள்முழுக்கப் பாத்தி பேசும்.

இந்தக் கோடையில் பாத்திக்குச் சிமெண்ட் பூசும் எண்ணம் இருந்தால் ஓராண்டு பொறுங்கள். ஒரு நாள் வெயிலைக் கவனித்து, மாதத்தைக் கேட்டு, செடியை வாங்குங்கள். நாலடி மண் போதும், வீட்டுக்கு வேண்டிய பூ அதிலேயே பூக்கும்.